உயிரணுவின் உப்பும் அதன் இறப்பும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் நாட்டுப் பழமொழி. நாவுக்குச் சுவை தருவதொன்றே உப்பின் தொழில் என்று கருதுவோர் இம்மொழியைச் சமையலறையோடு நிறுத்திவிடுவர். உயிர்நூல் பயில்வோரோ, உப்பு நிலை தவறிய உயிரணுவும் குப்பையிற் சேர்வதேயாம் என்பதைக் கண்டு வியப்பர். நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஒருவகை உப்பைத் தன்னகத்தே சேர்த்தும், மற்றொருவகை உப்பைப் புறத்தே தள்ளியும் வாழ்கின்றது. இவ்வேறுபாடு நிலைக்குமளவும் அஃது உயிருடையது. குலையுங்கால் அது மடிகின்றது. ஆயின், குலையும் முறை ஒன்றன்று. முறையோடு குலைந்தால் அவ்வுயிரணு அயலவை அறியாவண்ணம் அமைதியாய் இறக்கும். முறைகெட்டுக் குலைந்தால் காய்ச்சலையும் அழற்சியையும் எழுப்பிவிட்டு இறக்கும். நோயினின்று நம்மைக் காக்கும் வெள்ளணுக்கள் முதலிய காவலணுக்களிடத்தே இவ்விருவகை இறப்பும் தெளிவுறக் காணப்படுதலின், அவற்றையே சான்றாகக் கொண்டு இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வாம்.

சவ்வும் அயனியும்

கறியுப்பு நீரிற் கரையுங்கால் ஸோடியம், குளோரைடு என இரு கூறாகப் பிரிகின்றது. முன்னது நேர்மின்னேற்றமும் பின்னது எதிர்மின்னேற்றமும் உடையன. இங்ஙனம் மின்னேற்றம் பெற்று நீரில் உலவும் நுண்பொருள்களையே அயனிகள் என்பர். பொட்டாஸியமும் கால்ஸியமும் நம் உடல்நீரில் அயனிகளாகவே உலவுகின்றன.

உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்புப் பொருளால் இரண்டு படலமாக அமைந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் அவற்றுள் ஐந்து முதல் பத்துக் கூறளவே அதன் கனம். எண்ணெயில் உப்புக் கரையாததுபோல, இக்கொழுப்புப் படலத்தினூடே அயனிகள் தாமே செல்லமாட்டா. அவை செல்வதற்கெனப் புரதங்களாலான நுண்வாயில்கள் சவ்வின்கண் பதிந்துள்ளன. பொட்டாஸியத்தை மட்டும் விடும் வாயிலும் உண்டு. பல அயனிகளை ஒருங்கே விடும் வாயிலும் உண்டு. தக்க குறிப்புக் கிடைத்தாலன்றித் திறவாதன பல.

இனி அளவைக் காண்பாம். பொட்டாஸியம் உயிரணுவின் உள்ளே லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல். வெளியே 4 அல்லது 5 மில்லிமோல் மட்டுமே. ஸோடியம் இதற்கு நேர்மாறு. வெளியே ஏறக்குறைய 140, உள்ளே 10 முதல் 15. கால்ஸியத்தின் வேறுபாடு இவற்றினும் பெரிது. உயிரணுவின் உள்ளே தனித்துலவும் கால்ஸியத்தைக் காட்டிலும் வெளியே உள்ளது ஏறக்குறைய 10,000 மடங்காகும். நீர் மேட்டினின்று பள்ளத்திற்குப் பாய முயல்வதுபோல, அயனியும் மிகுந்த இடத்தினின்று குறைந்த இடத்திற்குச் செல்லவே முயலும். வாயில்களின் வழியே சிறுகசிவு எப்பொழுதும் நிகழ்ந்துகொண்டேயிருக்கும். ஆகலின் கசிந்ததை ஈடுசெய்ய உயிரணு ஓயாது இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இவ்விறைப்புத் தொழிலைப் புரியும் புரதத்தை, டென்மார்க் நாட்டு ஆர்ஹூஸ் நகரில் யென்ஸ் ஸ்கூ என்னும் அறிஞர் நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து 1957-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். அதன்பொருட்டு 1997-ஆம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசிற் பாதி அவருக்கு வழங்கப்பெற்றது. இப்புரதம் ஒவ்வொரு முறையும் மூன்று ஸோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாஸியத்தை உள்ளே ஏற்றுகின்றது. அதற்குக் கூலியாக ஏ. டி. பி. என்னும் ஆற்றற்பொருளின் மூலக்கூறு ஒன்று செலவாகின்றது. நாம் வாளா அமர்ந்திருக்குங்காலும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்திலொன்று முதல் நான்கிலொன்று வரை இவ்வொரு தொழிலுக்கே போகின்றதெனக் கணக்கிட்டுள்ளனர்.

ஆகவே, உயிரணுவை நம் ஊர் ஏரிக்கு ஒப்பிடலாம். சவ்வு அதன் கரை, வாயில்கள் மதகுகள், உள்ளே தேங்கிய பொட்டாஸியமே ஏரிநீர், அதனை இரவும் பகலும் இறைத்து நிரப்பும் ஏற்றமே ஸ்கூ கண்ட புரதம். மதகைத் திறந்து ஏரியை வடிப்பதும் உண்டு. கரை உடைந்து ஏரி வடிவதும் உண்டு. இரண்டிலும் ஏரி வற்றுவதேயாயினும், ஊருக்கு விளையும் பயன் வேறன்றோ? இவ்வுவமையை உள்ளத்திற்கொண்டு மேற்செல்வாம்.

காவலணுக்கள் ஏன் சாகவேண்டும்?

நம்மைக் காக்கும் அணுக்கள் சாவது தீமையன்றோ என்று சிலர் ஐயுறலாம். உண்மை இதற்கு மாறானது. நியூட்ரோபில் என்னும் ஒருவகை வெள்ளணு மட்டும், வளர்ந்த மனிதனின் எலும்பு மஜ்ஜையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி உண்டாகின்றது. உண்டாமளவுக்கு இறவாவிடின் குருதிக்குழாய்கள் கொள்ளா. அன்றியும், கிருமிகளைக் கொல்லும் கடும்பொருள்கள் இவ்வணுக்களின் பைகளில் நிறைந்துள்ளன. அவை வேண்டாவிடத்திற் சிந்துமாயின் நம் தசையே புண்படும்.

மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியை மற்றொரு சான்றாகக் கூறலாம். டி-லிம்போஸைட்டு என்னும் காவலணுக்கள் பயிற்சி பெறும் கல்விச்சாலை அது. அங்கே வளரும் இளவணுக்களுள் தேறி வெளிப்போவன நூற்றுக்குப் பத்தினும் குறைவே. எஞ்சியவை அங்கேயே மடிகின்றன. தம் உடலின் அடையாளத்தை அறியும் ஆற்றலில்லாதவை பயனில்லாதவையாகலின் மடியும். தம் உடலையே பகையெனக் கொண்டு தாக்கத்தக்கவை தீங்கானவையாகலின் மடியும். நம் கல்லூரித் தேர்வுகள் இத்துணைக் கடுமையுடையன அல்ல என்பது கண்டு மாணவ நண்பர்கள் ஆறுதலடையலாம்! இப்பெருஞ் சாவு நாடோறும் நிகழ்ந்தும் தைமஸ் சுரப்பி அதனால் அழற்சியுற்று வீங்குவதில்லை. எனவே, அங்கு நிகழ்வது மதகு திறந்த இறப்பேயாதல் வேண்டும்.

அமைதியான இறப்பு

1972-ஆம் ஆண்டில் ஜான் கெர், ஆண்ட்ரு வில்லி, அலாஸ்டர் கரி என்னும் மூவர் இவ்வமைதியான இறப்பை விரித்தெழுதி, அதற்கு 'அபொப்டோஸிஸ்' என்று பெயரிட்டனர். மரத்தினின்று இலை கழன்று வீழ்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இவ்வாறிறக்கும் உயிரணு முதற்கண் சுருங்குகின்றது. பின்னர் அதன் உட்கருவிலுள்ள டி. என். ஏ. துண்டு துண்டாக நறுக்கப்படுகின்றது. ஈற்றில் அவ்வணு சவ்வு கிழியாத சிறு பொட்டலங்களாகப் பிரிகின்றது.

முதற்படியாகிய சுருக்கம் எதனால் நேர்கின்றது? மாவடு போடும் நம் இல்லத்தார் இதற்கு விடை கூறுவர். காயில் உப்பைப் பெய்து ஜாடியில் வைத்தால் இரண்டொரு நாளில் அது நீர்விட்டுச் சுருங்கிவிடும். உப்பு மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும் என்பதே காரணம். மாவடுவிற்கு நாம் வெளியே உப்பிடுகிறோம். இறக்கும் உயிரணுவோ தன் உள்ளிருந்த உப்பையே வெளிவிடுகின்றது. பொட்டாஸிய வாயில்கள் திறக்க, அவ்வயனி வெளியேறும், மின்னேற்றம் சமன்படும்பொருட்டுக் குளோரைடும் தனக்குரிய வாயில் வழியே உடன்போகும், அவ்விரண்டையும் பின்தொடர்ந்து நீரும் போகும், உயிரணு சுருங்கும்.

இச்சுருக்கம் இறப்பின் விளைவோ, அன்றி இறப்பின் காரணமோ என்பது நெடுநாள் ஐயமாயிருந்தது. 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் சிட்லோவ்ஸ்கி, கார்ல் போர்ட்னர் முதலியோர் லிம்போஸைட்டுகளை ஆராய்ந்து ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். இறக்கும்படி ஏவப்பட்ட அணுக்களுள், பொட்டாஸியம் குறைந்து சுருங்கியவற்றின் டி. என். ஏ. மட்டுமே நறுக்கப்பட்டிருந்தது. டி. என். ஏ.வை நறுக்கும் நொதியும், இறப்புத்தொழிலை நடத்தும் காஸ்பேஸ் என்னும் நொதியும், பொட்டாஸியம் இயல்பான அளவில் நிறைந்திருக்குங்கால் அடங்கியிருந்தன. 2000-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு யஸுனோபு ஒகாதா முதலியோர், பொட்டாஸிய வாயிலையாதல் குளோரைடு வாயிலையாதல் மருந்தினால் அடைத்தவிடத்து, சுருக்கமும் நிகழவில்லை, அதனைத் தொடரும் இறப்புக் குறிகளும் தோன்றவில்லை என்று காட்டினர். காஸ்பேஸை எழுப்புதற்கு உயிரணுவினுள் ஒன்றுகூடும் 'அபொப்டோஸோம்' என்னும் புரதக்கூட்டமும், இயல்பான பொட்டாஸிய அளவில் கூடாது தடைப்படுகின்றதென 2001-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தார் கண்டனர்.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், உயிரணு தன்னுள் தேக்கிவைத்த பொட்டாஸியம் வெறும் சேமிப்பன்று. அஃது இறப்புக் கருவிகளைப் பூட்டிவைத்துள்ள பூட்டுமாம். மதகு திறந்து அது வடிந்த பின்னரே அக்கருவிகள் இயங்குகின்றன. அவை இயங்கி முடியுமளவும் சவ்வு கிழிவதில்லை. சவ்வின் உட்பக்கத்திருந்த ஒருவகைக் கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பி, 'என்னை உண்க' என்னும் அடையாளமாய் நிற்கும். மாக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள் அதனைக் கண்டு அப்பொட்டலங்களை விழுங்கிவிடும். உள்ளிருந்த கடும்பொருள் ஒன்றும் வெளியே சிந்துவதில்லை. இதனாலன்றோ தைமஸ் சுரப்பி இத்துணைச் சாவுக்கு இடமாகியும் அமைதியாயிருக்கின்றது!

ஆரவார இறப்பு

இனி, விழுங்கும் மாக்ரோபேஜே இறக்க நேர்ந்தால் நிகழ்வதைக் காண்பாம். 1992-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார், சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்னும் கிருமி மாக்ரோபேஜுகளைக் கொல்வதை விவரித்தனர். அதனை அபொப்டோஸிஸ் என்றே அவர்கள் அக்காலத்துக் கொண்டனர். பின்னர் இத்தகைய இறப்பில் அணு சுருங்காது வீங்குவதும், சவ்வு உடைந்து காய்ச்சலை விளைக்கும் பொருள்கள் வெளிப்படுவதும் தெளிவாயின. ஆகவே, 2001-ஆம் ஆண்டில் குக்ஸன், பிரென்னன் என்பார் இதற்குப் 'பைரொப்டோஸிஸ்' என வேறு பெயரிட்டனர். நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை முதலாக உடையது அப்பெயர்.

இதிலும் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் பொட்டாஸியமே என்பதுதான் வியப்பு. இன்டர்லூக்கின்-1 என்பது காய்ச்சலை எழுப்பும் புரதம். மாக்ரோபேஜ் அதனைப் பக்குவப்படாத நிலையில் ஆக்கி வைத்திருக்கும். அத்தகைய அணுவின்மீது ஏ. டி. பி.யையாதல், நைஜெரிஸின் என்னும் பொருளையாதல் பெய்தால் பொட்டாஸியம் வெளியேறுகின்றதென்றும், அங்ஙனம் வெளியேறுதலே இன்டர்லூக்கின்-1 பக்குவமுற்று வெளிப்படுதற்கு இன்றியமையாததென்றும் 1994-ஆம் ஆண்டில் பெரகோ, கேபல் என்னும் இருவர் காட்டினர்.

ஏ. டி. பி. உயிரணுவின் உள்ளே இருக்கவேண்டிய பொருளன்றோ? அது வெளியே மிகுந்து காணப்படின், அருகில் யாதோ ஓர் அணு உடைந்துவிட்டதென்பதே பொருள். மாக்ரோபேஜின் சவ்விலுள்ள பி2எக்ஸ்7 என்னும் வாயில் இதனை உணர்ந்து திறக்கின்றது, பொட்டாஸியம் வெளியேறுகின்றது, ஸோடியமும் கால்ஸியமும் உட்புகுகின்றன. சில கிருமிகள் விடுக்கும் நஞ்சுகள் சவ்வில் துளையிட்டு இதே விளைவை உண்டாக்குகின்றன. கல்லுடைப்போர் நுரையீரலிற் புகும் ஸிலிகாத் தூளும், யூரிக் அமிலப் படிகமும் மாக்ரோபேஜினுள் சேர்ந்து பொட்டாஸியத்தை வெளியேறச் செய்கின்றன. வெவ்வேறான இத்தூண்டுகோல்கள் அனைத்தும் பொட்டாஸிய வெளியேற்றம் என்னும் ஒரே வழியில் வந்து கூடுகின்றன என்பதை 2013-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கப்ரியேல் நூனெஸ் என்பாரின் குழுவினர் நிறுவினர். பொட்டாஸியம் வெளியேறாமலே இவ்வழியைத் தொடங்கும் சில பொருள்களும் உண்டென்பது 2016-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆயினும் பெருவழி இதுவே.

பொட்டாஸியம் குறைந்ததும் மாக்ரோபேஜினுள் என். எல். ஆர். பி. 3 என்னும் காவற் புரதம் விழித்தெழுந்து, வேறு புரதங்களோடு கூடி ஒரு பெருங்கூட்டமாகின்றது. இத்தகைய கூட்டத்திற்கு 'இன்ஃபிளமஸோம்' என்னும் பெயரை 2002-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து நாட்டு யூர்க் சாப் குழுவினர் இட்டனர். அக்கூட்டம் காஸ்பேஸ்-1 என்னும் நொதியை எழுப்ப, அது இன்டர்லூக்கின்-1-ஐ நறுக்கிப் பக்குவப்படுத்துகின்றது; உடனே காஸ்டெர்மின்-டி என்னும் புரதத்தையும் நறுக்குகின்றது. நறுக்கப்பட்ட காஸ்டெர்மின் துண்டுகள் சவ்விற் சென்று வளையமாகக் கூடித் துளையிடுகின்றன என்பது 2015-ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரத்து ஃபெங் ஷாவ் குழுவினராலும் கலிபோர்னியா ஆராய்ச்சியாளராலும் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சிகளால் வெளிப்பட்டது. அத்துளையின் அகலம் ஏறக்குறைய 20 நானோமீட்டர். அயனி ஒன்று நுழையும் வாயிலோடு ஒப்பிடின், திட்டிவாசலுக்கும் கோட்டைவாயிலுக்குமுள்ள வேறுபாடு எனலாம். எஞ்சிய பொட்டாஸியம் அதன்வழியே ஓடிவிடும், ஸோடியமும் நீரும் உட்பாயும், அணு வீங்கும். வீக்கம் மிகுதலினால் சவ்வு தானே வெடிக்கின்றது என்று பலர் எண்ணியிருந்தனர். 2021-ஆம் ஆண்டிலோ, இறுதியான அவ்வுடைப்புக்கும் நிஞ்சுரின்-1 என்னும் ஒரு புரதம் தேவையென்று தெரியவந்தது.

ஒரே அயனி, இருவேறு முடிவு

பொட்டாஸியம் வெளியேறுதல் இரண்டிற்கும் பொதுவாயின், முடிவு வேறுபடுவது எங்ஙனம்? வேறுபாடு இருவகையது. முதலாவது, உடன்செல்லும் அயனிகளைப் பற்றியது. அமைதியான இறப்பில் பொட்டாஸியமும் குளோரைடும் வெளிப்போக நீரும் போகின்றது, அணு சிறுக்கின்றது. ஆரவார இறப்பில் துளை வழியே ஸோடியம் உட்பாய நீரும் உட்பாய்கின்றது, அணு பெருக்கின்றது. இரண்டாவது, அவ்வணுவினுள் பூட்டப்பட்டிருந்த கருவி யாது என்பது. லிம்போஸைட்டில் பூட்டுத் திறந்தால் டி. என். ஏ.வை நறுக்கும் கருவி வெளிப்படும். கிருமியை எதிர்கொண்ட மாக்ரோபேஜிலோ சவ்வைத் துளைக்கும் கருவி வெளிப்படும். திறவுகோல் ஒன்றாயினும் அறைக்குள் இருப்பது வேறு.

உடைந்த கரையை அடைப்பாரும் உளர். காஸ்டெர்மின் துளை வழியே கால்ஸியம் உட்புகுந்தவுடன், அதனையே அபாயக்குறியாகக் கொண்டு எஸ்கார்ட் என்னும் புரதத் தொகுதி அவ்விடத்திற்கு விரைகின்றது. துளைபட்ட சவ்வுப்பகுதியைச் சிறு குமிழாகக் கிள்ளி வெளியே எறிந்துவிட்டு, எஞ்சிய சவ்வை அது மூடிவிடும். 2018-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தில் பீட்டர் புரோஸ் குழுவினர் இதனைக் கண்டனர். ஏரிக்கரை உடைந்தவிடத்து ஊரார் ஓடி மண்மூட்டை அடுக்குவது போன்றதே இது. துளைகள் சிலவாயின் அணு பிழைக்கும், பலவாயின் மடியும்.

மருத்துவத்திற் பயன்

ஆரவார இறப்பு முற்றிலும் தீயதென்று எண்ணலாகாது. மாக்ரோபேஜினுள் ஒளிந்து பெருகும் கிருமிக்கு அவ்வணுவே வீடு. வீட்டை இடித்துவிட்டால் கிருமி வெளிப்பட்டு மற்றைக் காவலணுக்களின் கையிற் சிக்கும். கிளம்பிய ஆரவாரமோ அவற்றை அழைக்கும் பறையாகும். அளவு கடந்தபோதுதான் அது நோயாகின்றது. காஸ்டெர்மின்-டி இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகள், மற்றை எலிகளைக் கொல்லும் அளவு கிருமிநஞ்சு ஏற்றப்பட்டும் பிழைத்தன என்பது 2015-ஆம் ஆண்டுச் சோதனையால் விளங்கிற்று. கீல்வாதத்துள் ஒருவகையாகிய கௌட் நோயில், மூட்டிற் படியும் யூரிக் அமிலப் படிகங்கள் என். எல். ஆர். பி. 3 கூட்டத்தை எழுப்புகின்றன என்று 2006-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. குளிர்காற்றுப் பட்டவளவில் காய்ச்சலும் தோற்றடிப்பும் காணும் ஓர் அரிய குலநோய்க்கு, அப்புரதத்தின் மரபணுவில் உள்ள பிழையே காரணமென 2001-ஆம் ஆண்டில் கண்டனர். இக்குலநோயாளருக்கு இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் மருந்துகள் பெரும் நன்மை புரிந்துள்ளன.

எனின், பொட்டாஸியம் வெளியேறுதலையே மருந்தினால் தடுத்துவிடலாகாதோ எனில், ஆகாது. பொட்டாஸிய வாயில்கள் காவலணுக்களுக்கு மட்டும் உரியன அல்ல. இருதயத் துடிப்பும் நரம்பின் தொழிலும் அவற்றாலேயே நடைபெறுகின்றன. குருதியின் பொட்டாஸியம் சிறிது மிகினும் குறையினும் இருதயம் தடுமாறும். ஏரியை ஒட்டுமொத்தமாக அடைப்பவன் வயலையும் காயவிடுவான். ஆதலின் அறிஞர் உப்பை விடுத்து, அதன் குறிப்பை ஏற்கும் புரதத்தையே நாடுகின்றனர். 2015-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற எம்.ஸி.ஸி. 950 என்னும் சேர்மம், பொட்டாஸியம் வெளியேறுதலைத் தடாது, என். எல். ஆர். பி. 3-ஐ மட்டும் அடக்குகின்றது. இவ்வினத்து மருந்துகள் பலவற்றின் சோதனைகள் தொடர்ந்து நடைபெறுகின்றன.

இத்துறையில் நம் மாணவர்க்கு எஞ்சியுள்ள வேலையும் உண்டு. பொட்டாஸியம் குறைந்ததென்பதை என். எல். ஆர். பி. 3 எவ்வாறு உணர்கின்றது என்பது இன்னும் முற்றும் தெளிவாகவில்லை. அதற்கு விடை காண்பவர் ரசாயனமும் பௌதிகமும் உயிர்நூலும் ஒருங்கே பயின்றவராயிருத்தல் வேண்டும். பரிசோதனைச் சாலையின் அலமாரியில் பொட்டாஸியம் குளோரைடு என்று எழுதிய சீசாவை நாம் பலகாலும் எடுத்து வைக்கிறோம். நம்முள் ஒவ்வோர் உயிரணுவும் அவ்வெள்ளுப்பின் ஒரு கூற்றைத் தன்னகத்தே தேக்கிவைக்க ஆற்றலிற் பெரும்பங்கைச் செலவிடுகின்றது. தான் வாழ்வதற்கு மட்டுமன்று, இறக்கவேண்டிய வேளையில் அண்டையவற்றுக்கு ஊறு செய்யாது இறப்பதற்கும் அச்சேமிப்பே அதற்கு உதவுகின்றது. அடுத்தமுறை அச்சீசாவைத் திறக்கும் நண்பர்கள் இதனை நினைவு கூர்வாராயின் இக்கட்டுரை பயனுடையதாகும்.